அரங்கா, ஆச்சா?

வெள்ளகோவில்
14-6-1996

அன்பு மருமகள் லோகப்பிரியாவுக்கு,

உன் தாய்மாமன் அரங்கசாமி எழுதுவது. இங்கே நானும் என் பதினாறு தறிகளும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது. மதுக்கரை சிமெண்டுத் தூசிக்கு அவளைத் தினமும் ஒரு துண்டு வெல்லம் சாப்பிடச் சொல். இந்த வைத்தியத்தை ஈரோட்டில் ஒரு பெரிய டாக்டரே என்னிடம் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

குத்தூஸ் பாயின் சிறுவர் மாத இதழில் நீ எழுதுகிற விஞ்ஞானத் தொடர்கதை மூன்று அத்தியாயம் வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நானே நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன். கூட்டம் ரோட்டை அடைத்து, கரூர் பஸ் அரைமணி நேரம் நின்றுவிட்டது. டிரைவரும் இறங்கி வந்து கேட்டார். கி.பி. 2490, பூமியை விட்டுப் போன ஜனம் சாம்பல் நிறத்தில் ஒரு கோளில் கண்ணாடிக் கூரைக்கடியில் வாழ்கிறது என்று நீ ஆரம்பித்திருந்ததைக் கேட்டதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எழுதினது என் அக்கா மகள், ஆனால் கதை நான் கொடுத்தது என்று சொன்னேன். அதில் தப்பில்லையே? சின்ன வயசில் உன்னைத் தோளில் போட்டுக் கதை சொன்னவன் யார்?

ஆனால் அம்மணி, ஒரு மனக்குறை. அந்த ஜனத்தின் பயணத்தில் காகிதமெல்லாம் எரிந்துபோய், பூமியின் பழைய கதைகளை ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு பேசும் பெட்டிதான் என்று எழுதினாய். சரி. அந்தப் பெட்டியைக் குழந்தைகள் 'மாமன்' என்று கூப்பிடுவானேன்? அது பொய் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறதாம், தொடையைத் தட்டுகிறதாம். பெட்டிக்கு ஏது தொடை? சலூன் ரங்கராஜ் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, இது உங்களை மாதிரியே இருக்குதுங்களே" என்கிறான். கத்தி அவன் கையில் இருந்ததால் சும்மா இருந்தேன்.

இன்னொன்று. அந்தத் துமி என்கிற பெண்குழந்தையின் அப்பா கூரைக்கு வெளியே போய்ச் செத்தார், எப்படிச் செத்தார் என்று பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறது என்று வருகிறது. இது தேவையா? உன் அப்பா செங்கோட மச்சான் போனது எவ்வளவு பெரிய சாவு! எழுபதடிக் கிணற்றின் விளிம்பில் நின்று, "அரங்கா, ஆச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ராஜா மாதிரி இறங்கினார். அடிப்பாறையை ஒற்றை அடியில் பிளந்தார். ஊற்று பனைமரம் உயரத்துக்கு எழும்பி அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதை எழுது. எந்தக் கோளில் வேண்டுமானாலும் வைத்து எழுது.

பெட்டிக்கு வேறு பெயர் வை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு
மாமன் அரங்கசாமி

*

மதுக்கரை
23-6-1996

மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். உங்கள் தறி நான்கு. பதினாறு என்று எழுதியிருந்தீர்கள், கை தவறியிருக்கும்.

பெட்டிக்கு மாமன் என்று பெயர் வைத்தது தெரிந்தேதான். மாற்றப்போவதில்லை.

அந்தக் கோளில் பிறந்த யாருக்கும் பூமி தெரியாது. பெட்டி சொல்வதுதான் பூமி. பெட்டி ஆற்றை மலைமேல் ஏறவிட்டால் குழந்தைகளுக்கு ஆறு மலைமேல்தான் ஏறும். எனக்கும் அப்படித்தான். அப்பா போனபோது எனக்கு ஐந்து வயது. அவர் முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னவை.

எனக்கு ஆறு வயதில், அப்பா கிணற்றின் அடியில் ஒரு கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார், அங்கே இளநீர் மாதிரித் தண்ணீர் என்றீர்கள். நான் கிணற்றை எட்டிப்பார்த்துக் கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். பத்து வயதில், உள்ளே விழுந்த கன்றுக்குட்டியைக் காப்பாற்ற இறங்கினார். பூப்பெய்தின சீரில் வந்தவர்களிடம், ஊற்றைக் காத்த நாகம் தீண்டியது. என் காலேஜ் விடுதியில், ஒரு இன்ஜினியரோடு பந்தயம் கட்டிப் பாறையைப் பிளந்தார். போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் மாரடைப்பு. அவர்கள் வேறொருவரிடம் விசாரித்து வேறொன்று கேட்டு, மறைக்கிற குடும்பம் என்று எழுந்து போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதில் இருந்தது.

அம்மாவைக் கேட்டால், "வேட்டுல போயிட்டாரு கண்ணு, அதையே எதுக்குத் தோண்டற" என்பதோடு சரி.

இங்கே குவாரியில் மத்தியானம் சங்கு ஊதிவிட்டுப் பாறைக்கு வேட்டு வைக்கிறார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது என் கை நின்றுவிடும். ஒவ்வொன்றாக எண்ணுவேன். பிள்ளைகள் சிரிக்கின்றன. எத்தனையில் முடிய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எண்ணுகிறேன்.

துமி அடுத்த மாதம் பெட்டியிடம் ஒன்று கேட்கப்போகிறாள். அதையே உங்களிடமும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை, தொண்டையைச் செருமாமல், என் அப்பா எப்படிச் செத்தார் என்று எழுதுங்கள்.

லோகப்பிரியா

*

வெள்ளகோவில்
5-7-1996

அம்மணி,

கை தவறவில்லை. நாலு தறி என்றால் நாலு தறியா? என்னுடையது ஒவ்வொன்றும் அடுத்தவன் நாலு தறிக்குச் சமம். கணக்குப் போட்டுப் பார். அந்தக் காலத்து ஆறாம் வகுப்பு படித்தவன் நான், இந்தக் காலத்து பி.எஸ்ஸி. எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

நீ கேட்டபடியே எழுதுகிறேன். படித்துவிட்டு இந்தப் பேச்சை விட்டுவிடு.

எழுபத்தைந்தாம் வருஷம், சித்திரை. மூன்று வருஷம் மழை பொய்த்து, மச்சான் கிணற்றை ஆழப்படுத்தினார். பாறைக்கு வேட்டு வைக்கிறவன் சுப்பண்ணன். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. கீழே எத்தனை குழியில் வெடிமருந்து கெட்டித்தானோ, அத்தனை கூழாங்கல்லை எடுத்து மேலே நிற்கிற ஒருவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரி கொளுத்த இறங்குவான். கொளுத்திவிட்டுக் கயிற்றில் ஏறி வருகிறவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும், எண்ண முடியாது. மேலே இருப்பவன் ஒரு வேட்டுக்கு ஒரு கல் கீழே போடுவான். கை காலியானால்தான் ஆள் இறங்கலாம். கையில் ஒரு கல் நின்றாலும் அன்றைக்கு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மறுநாள்தான்.

அன்றைக்குக் கல் என் கையில். சுற்றுவட்டாரத்தில் முப்பது கிணற்றுக்கு நான்தான் கல் பிடித்தவன், கலெக்டரே கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். சுப்பண்ணன் என்னிடம் கொடுத்தது ஆறு கல். வெடித்தது ஆறு வேட்டு. என் கை காலி. "அரங்கா, ஆச்சா?" என்று கேட்டுவிட்டு மச்சான் இறங்கினார். அந்தப் படுபாவி போட்டிருந்ததோ ஏழு குழி. ஏழாவது திரி நமுத்துப்போய் மெள்ள எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் காலடியில் வெடித்தது. உன் வீட்டுக் காளை மூன்று நாள் தண்ணீர் குடிக்கவில்லை, அதன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். அதற்குப் பிறகு சுப்பண்ணனை ஒரு கிணற்றுக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஊரை விட்டே போய்விட்டான்.

சின்னப்பிள்ளையிடம் இதையா சொல்வார்கள்? அதனால் கதவு என்றேன், கன்று என்றேன். உன்னைப் படிக்க வைத்தேன், உன் அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எந்த மாமன் செய்வான்? அதற்குப் பரிசு, என்னைத் தகரப் பெட்டி ஆக்கினாய்.

மாமன்

*

மதுக்கரை
6-8-1996

மாமாவுக்கு,

ஆடிப் பதினெட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடுமுடி போனேன். அம்மா ஆற்றில் இறங்கி நின்ற நேரத்தில் நான் படித்துறைக்கு மேலே சுப்பண்ணனைத் தேடினேன். அவர் அங்கே இருப்பதாக வெள்ளகோவில்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உங்களைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் செருப்புக் காவல் இருக்கிறார். எழுபது வயதிருக்கும். வலது காது செத்துவிட்டது, இடது பக்கம் நின்று பேசினால் நன்றாகவே கேட்கிறது. வருகிறவர்களின் செருப்பை வாங்கிக்கொண்டு தகர டோக்கன் தருகிறார். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணுகிறார். இரண்டு செருப்புதானே, எதற்கு எண்ணுகிறார் என்று பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள்.

நான் யார் மகள் என்று சொன்னேன். என் செருப்பை மூன்றாவது தடவையும் எண்ணினார். பிறகு சொன்னார்:

"நான் ஏழு கல்லு குடுத்தனுங்க அம்மணி. இருவத்தியோரு வருசமா அதையேதான் சொல்றேன். உங்க மாமன் எழுந்து பேசுன பேச்சுல என்ற பேச்சு யாருக்குங்க கேட்டுச்சு?"

என் டோக்கனுக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து துமி செய்வதைச் செய்தேன். அவள் பெட்டி சொன்ன கதைகளையெல்லாம் கூரைச் சுவரில் வரிசையாகக் கீறிவைத்து, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்க்கிறாள். மாறுவது பெட்டி சேர்த்தது. மாறாதது நடந்தது. நான் உங்கள் கதைகளை நோட்டில் எழுதினேன். கதவு, கன்று, நாகம், இன்ஜினியர், மாரடைப்பு, காளையின் கண்ணீர், எல்லாம் ஒரு தடவைக்குமேல் வரவில்லை. ஒன்று மட்டும் எல்லாவற்றிலும் வருகிறது. அப்பா விளிம்பில் நின்று, "அரங்கா, ஆச்சா?" என்று கேட்கிறார். கதவைத் திறக்கப் போகும்போதும் கேட்கிறார், கன்றைக் காப்பாற்ற இறங்கும்போதும் கேட்கிறார்.

கன்றைக் காப்பாற்றப் போகிறவர் எதற்கு மாமா, ஆச்சா என்று கேட்க வேண்டும்?

அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது ஒரு கதையிலும் இல்லை. இவ்வளவு பேசுகிற நீங்கள், உங்களிடம் கேட்ட ஒரு கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னதே இல்லை.

என்ன சொன்னீர்கள்?

லோகப்பிரியா

*

வெள்ளகோவில்
20-8-1996

லோகப்பிரியாவுக்கு,

ஊரை விட்டு ஓடினவன் பேச்சைக் கேட்டுப் பெற்ற அப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவனைக் கூண்டில் ஏற்றுகிறாய். படித்த திமிர்.

குத்தூஸ் பாய்க்கு ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கிறேன். கதையை நிறுத்தாவிட்டால் மானநஷ்ட வழக்கு. எனக்கு மெட்ராஸ் ஐகோர்ட்டில் மூன்று வக்கீல் பழக்கம். அவர், அது கதைதானுங்களே, பெட்டி எப்படிங்க வழக்குப் போடும் என்று பதில் எழுதியிருக்கிறார். கிண்டல்.

நாளைக்கு உனக்கு ஒரு நல்லது என்றால் தாய்மாமன் தட்டு வராது. மணவறையில் என் இடம் காலியாகத்தான் இருக்கும். யாராவது கேட்டால் நீயே ஒரு கதை சொல்லிக்கொள், உனக்குத்தான் வருமே.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆர். அரங்கசாமி

*

மதுக்கரை
21-10-1996

மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி.

அக்டோபர் இதழில் துமி பெட்டியின் முன்னால் நின்று, என் அப்பா வெளியே போவதற்கு முன்னால் உன்னிடம் கதவு பத்திரமா என்று கேட்டாரே, நீ என்ன சொன்னாய் என்று கேட்கிறாள். பெட்டி முதல்முறையாகப் பேசாமல் இருக்கிறது. அங்கே 'தொடரும்' என்று போட்டேன். கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குத்தூஸ் பாய் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

பெட்டி என்ன சொல்லியிருக்கும் என்று இதழில் கேட்டிருந்தோம். நாற்பத்து மூன்று பிள்ளைகள் கார்டு போட்டிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்கிறார்கள் பாதிப் பேர். ஒரு கார்டை இதோடு அனுப்புகிறேன். கோட்டைமேட்டில் நாலாம் வகுப்பு படிக்கிற ஆஃப்ரின் எழுதியது. திருப்பி அனுப்ப வேண்டாம், நான் நகல் எடுத்துவிட்டேன்.

லோகப்பிரியா

(உள்ளே இருந்த கார்டு)

'அன்புள்ள கதை எழுதும் அக்காவுக்கு, துமியின் அப்பா கேட்டபோது மாமன் பெட்டி வேறு யாருக்கோ கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். அது எப்போதும் கதை சொல்லுமே. அதனால் கதவைக் கவனித்திருக்காது. ஆனால் கவனிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். அதனால் பத்திரம் என்று சொல்லியிருக்கும். எனக்கும் ஒரு தடவை பால் பொங்கும்போது அப்படி ஆனது. ஆஃப்ரின், 4-ஆ.'

*

வெள்ளகோவில்
4-11-1996

லோகப்பிரியாவுக்கு,

அந்தக் கார்டை நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாலு தறியையும் நிறுத்திவிட்டேன். சத்தத்தில் எழுத வரவில்லை.

சுப்பண்ணன் கொடுத்தது ஏழு கல்.

திரி கொளுத்திவிட்டு அவன் ஏறி வந்தான். நாங்கள் எட்டுப் பேர் வேப்பமரத்துக்குப் பின்னால் தள்ளி நின்றோம். வேட்டு வெடிப்பதற்குள் சும்மா நிற்க முடியாமல் நான் கொடுமுடி வெள்ளக் கதையை ஆரம்பித்தேன். ஆற்றில் எருமை வாலைப் பிடித்து நான் அக்கரை போனது. நான் அக்கரை போகவில்லை. கரையில்தான் நின்றேன். ஆனால் அந்தக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

முதல் வேட்டு வெடித்தது, ஒரு கல் போட்டேன். இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றுக்கும் போட்டேன். எருமை நடு ஆற்றில் நின்றுவிடுகிற இடம் வந்தது. அங்கே நான் எருமை மாதிரிக் கத்துவேன். கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், மச்சானும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்றா, இரண்டு சேர்ந்தா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கல் போட்டேன். பிறகு இன்னொரு வேட்டு. ஒரு கல் போட்டேன். பிறகு சத்தமில்லை.

கையில் ஒரு கல் இருந்தது.

சிரிப்பில் ஒன்றை விட்டிருப்பேன், இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும், கல் போட மறந்திருப்பேன் என்று நினைத்தேன். நிச்சயமாகத் தெரியாது. ஒரு கல் நிற்கிறது என்று சொன்னால் அன்றைக்கு வேலை நின்றுவிடும், எட்டுப் பேர் முன்னால் கல் பிடிக்கத் தெரியாதவன் ஆகிவிடுவேன். நான் சொல்லிக்கொண்டிருந்த கதையும் அதோடு போய்விடும்.

மச்சான் விளிம்புக்குப் போனார். "அரங்கா, ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்க மச்சான், எறங்குங்க" என்றேன்.

மூடின கையோடு சொன்னேன். அவர் பாதிக்கிணறு இறங்கியிருந்தபோது, மிச்சக் கதையை உங்களுக்கு அப்புறம் சொல்றேனுங்க என்று மேலேயிருந்து கத்தினேன். அவர் சிரித்தது கேட்டது.

கல்லை மடியில் வைத்துக்கொண்டேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்தபோதும் அது என் மடியில்தான் இருந்தது. ஆறு கல்தான் கொடுத்தான் என்று சொல்லலாம் என நினைத்துப் போகவில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னதில் அவர்கள் முழுசாக நம்பினது அது ஒன்றுதான்.

முப்பது கிணறு இல்லை. மூன்று. கலெக்டர் யாரும் கூப்பிடவில்லை. காளை அழவில்லை, அது அன்றைக்கும் தீவனம் தின்றது.

அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரிந்தது?

அரங்கசாமி

*

மதுக்கரை
14-11-1996

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அம்மா அழவில்லை. என்ன கதை அது என்று மட்டும் கேட்டாள். எருமை வால் கதை என்றேன். "அதை எனக்கும் சொல்லியிருக்கானே கண்ணு. அவரு போன பொறவும் சொன்னான். நானும் சிரிச்சேன்" என்றாள். பிறகு அரிசி களைய எழுந்து போனாள். அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். நான்தான் போய்த் தண்ணீரை நிறுத்தினேன்.

அதே கதையை அவளிடமும் சொல்ல உங்களால் எப்படி முடிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். நீங்கள் எழுதினால் அது நன்றாக இருக்கும், நான் நம்பிவிடுவேன்.

ஐந்து வயதிலிருந்து நான் எதிர்பார்த்தது இந்தக் கடிதத்தைத்தான். வந்துவிட்டது. எனக்கு லேசாகவும் இல்லை, கோபம் குறையவும் இல்லை. அப்பா கடைசியில் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, என் மனசு ஆறட்டும் என்று சேர்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அது. அதை நம்பமுடியாதபடி என்னை வளர்த்துவிட்டீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. நீங்கள் பீஸ் கட்டி நான் படித்த படிப்பை நினைத்தால் புத்தகங்களைத் தூக்கிப் போடத் தோன்றுகிறது.

என்னிடம் சொல்லிவிட்டதால் முடிந்துவிடாது. கொடுமுடிக்குப் போங்கள். சுப்பண்ணனிடம் சொல்லுங்கள். போன பிறகு, அங்கே நடந்ததை எழுதுங்கள். நடந்ததை மட்டும். கடைசி அத்தியாயத்தை நான் அதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

லோகப்பிரியா

*

வெள்ளகோவில்
1-12-1996

லோகப்பிரியாவுக்கு,

கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம் கொடுமுடி போனேன். பஸ்ஸில் இருந்து இறங்கினதும் சுப்பண்ணன் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தான். நான் கல்லை நீட்டினேன். அவன் கண்ணில் தண்ணீர். "போனது போச்சுங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டு கிழவர்களும் கைகோத்துக் காவிரியில் முங்கி எழுந்தோம். படித்துறையில் இருந்த ஐயரே

மேலே எழுதினதை அடித்துவிடு. அப்படி நடக்கவில்லை. பேனாவை எடுத்தால் கை அந்தப் பக்கம்தான் போகிறது.

நடந்தது இது.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை, இல்லை தெரியாத மாதிரி இருந்தான். செருப்பைக் கழற்றுங்க என்றான். கழற்றினேன். ஒன்று, இரண்டு, மறுபடியும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு டோக்கன் கொடுத்தான். நான் நீ எழுதினபடி இடது பக்கம் போய் நின்று, "சுப்பண்ணா, நான் அரங்கசாமி. நீ ஏழு கல்லுதான் குடுத்தே. ஒன்ன நான் ஒளிச்சு வெச்சுட்டேன்" என்றேன்.

"காது கேக்கறதில்லீங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றான்.

சத்தமாகச் சொன்னேன். பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமாங்க" என்றான்.

கத்தினேன். மச்சான் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், கூட்டத்தில் பேசின பொய்யையும். படியில் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள், மொட்டை போட்ட ஒரு குடும்பம், ஈரோட்டு டூரிஸ்ட் வேன்காரர்கள், எல்லோரும் நின்று கேட்டார்கள். இத்தனை பேர் நின்று கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குத்தான் கூட்டம் வேண்டாமென்று இருந்தது.

முடித்ததும் சுப்பண்ணன் சொன்னான்: "மொதோ வாட்டியே கேட்டுச்சுங்க. அன்னைக்கு ஊரே கேக்கத்தானுங்களே சொன்னீங்க."

நான் மடியிலிருந்து அந்த ஏழாவது கல்லை எடுத்து நீட்டினேன். அவன் கை டோக்கனுக்காக நீண்டிருந்தது. டோக்கனைக் கொடுத்தேன். செருப்பை எடுத்துக் கீழே போட்டான். கல்லை வாங்கவில்லை.

கோவிலுக்குள் போகாமல் திரும்பினேன்.

மச்சான் சிரித்தது உண்மை. ஆனால் நீ நம்ப வேண்டியதில்லை.

அரங்கசாமி